காது வைக்காத பொம்மை

எங்கள் வீட்டில் ஒரு பொம்மை மிருகம் ஏறக்குறைய ஒரு பள்ளித் தவணை முழுக்கக் காதில்லாமலே இருந்தது. உடம்பு இருந்தது, நாலு கால் இருந்தது, அப்பாவின் பழைய சட்டையிலிருந்து அறுத்தெடுத்த கறுப்புப் பொத்தான்கள் இரண்டும் கண்ணாக இருந்தன. காதும் வாலும் மட்டும் இல்லை. வாலைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான் அதை முயல் என்று முடிவு செய்திருந்தேன், முயலுக்கு வால் பெயருக்குத்தான். ஆனால் காதில்லாமல் முயலை முயல் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்பா அதைக் கரடி என்றார். சித்தி பூனை என்றாள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் மகன் இரும்புக் கதவின் கம்பி வழியே பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு என்று சொல்லிப் படியிறங்கிப் போனான். இது என்ன மிருகம் என்று நான் தினமும் அம்மாவைக் கேட்பேன்.

"காது வச்சாத் தெரியும்."

"எப்ப வைப்பீங்க?"

"வைக்கலாம் லா. என்ன அவசரம்?"

அம்மா அவசரப்படுகிறவள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் எடுத்த வேலையை இழுத்தடிக்கிறவளும் அல்ல. தீவில், ஜார்ஜ் டவுனில், நாங்கள் இருந்தது நாலாவது மாடியில் ஒரு சின்ன பிளாட். அந்த வீட்டில் உடுப்பில்லாத பொருள் எதுவும் கிடையாது. டிவிக்கு வெள்ளை உடுப்பு, ரேடியோவுக்கு நீல உடுப்பு, டிஷ்யூ பெட்டிக்குச் சுருக்கு வைத்த பாவாடை. அடுப்படியில் கேஸ் அடைத்து நிற்கும் இரும்புத் தோம்புக்குக்கூட இடுப்புவரை ஒன்று பின்னிப் போட்டிருந்தாள். எல்லாம் கொக்கி ஊசியால் அவளே பின்னியவை. அளவு நாடா வைத்துப் பார்த்தே நான் கண்டதில்லை. ஒரு தடவை கையை விரித்து வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் அடுத்த ஞாயிறு அந்தப் பொருள் உடுத்திக்கொண்டு நிற்கும். இந்த வேகத்தில் நாமும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்பார் அப்பா.

என் பெரிய பிளாஸ்டிக் பொம்மைக்கும் உடுப்பு உண்டு. படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ரகம் அது. எனக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்த அந்த வாரத்தில் அலமாரியிலிருந்து, போகுமுன்பே பின்னி வைத்திருந்த ஒரு வெள்ளைத் தொப்பியையும் காலுறை ஜோடியையும் எடுத்து, பொம்மைக்குப் போட்டுக்கோ என்று என்னிடம் கொடுத்தாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தொப்பியில் மெல்லிய நாடா கோத்திருந்தது. பொம்மைக்கு மாட்டினால் கண்ணுக்குக் கீழே இறங்கி மூக்கில் வந்து நிற்கும். நிற்க வைத்தே பொம்மையைத் தூங்கப்பண்ண முடிந்ததால் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இப்போது காதில்லாமல் நின்ற இந்த மிருகத்துக்கு நூல் கொண்டுவந்தவள் சித்தி. அம்மாவின் தங்கை. கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் வீடு, மாக் மண்டினில் ஒரு துணி பேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெரி ஏறி எங்களைப் பார்க்க வருவாள். பேக்டரியில் உருளையின் அடியில் மிச்சம் நின்றுபோகும் நூலைத் தொழிலாளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கையில் எப்போதும் ஒரு பை நூல் இருக்கும். அந்தத் தடவை அவள் கொண்டுவந்தது வழக்கமான நூல் அல்ல. சுண்டு விரல் தடிமனில், பொசுபொசுவென்று, பால் கோப்பி நிறத்தில் இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் பூனைக்குட்டியின் வயிறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பூனை நூல் என்று பெயர்.

பூனை நூலில் ஒரு தொல்லை உண்டு. பின்னிய கண்ணி கண்ணுக்குத் தெரியாது. ரோமம் போல் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அடுத்த கண்ணிக்குக் கொக்கியை எங்கே நுழைப்பது என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா அதனால் பார்த்துப் பின்னுவதையே விட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள், இடது கட்டைவிரல் மட்டும் பின்னலின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு, குறைத்துக்கொண்டே வந்தால் கழுத்து. உள்ளே இலவம்பஞ்சு. பழைய தலையணை ஒன்றைப் பிரித்து அந்தப் பஞ்சை வெயிலில் போட்டபோது நாலாவது மாடி நடை முழுக்கப் பறந்து, எதிர்வீட்டு ஆன்ட்டியின் ஊதுபத்தித் தகரத்தில் எல்லாம் போய் ஒட்டிக்கொண்டது.

தவறாகப் பின்னிவிட்டால் பூனை நூலைப் பிரிக்கவும் முடியாது. இழுத்தால் ரோமம் உதிர்ந்து, நடுவில் இருக்கும் வெறும் நூல் எலும்பு மாதிரி தெரியும். அம்மாவுக்குப் பிரிக்கவேண்டிய தேவை வரவில்லை. உடம்பு, கால், தலை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. அதோடு ஊசியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். முடியாத உடம்பு ஏன் இப்படிப் பெருத்துக்கொண்டே போகிறது என்று நானும் கேட்கவில்லை. என்னிடம் மட்டுமல்ல, அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஆபீசிலிருந்து வந்ததும் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகு பேப்பரை விரித்துக்கொள்வார்.

பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் சட்டம். பிள்ளை கைக்கு வந்த பிறகுதான் எல்லாம். முந்திக்கொண்டால் யாருடைய கண்ணோ படும் என்பார்கள். யாருடையது என்று கேட்டால் சித்தி விரலால் மேலே காட்டுவாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு சித்தி சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது அம்மாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லையாம். சும்மா உட்கார்ந்தால் பயம் வந்ததாம். பின்னினால் குற்றம், பின்னாவிட்டால் பயம். கடைசியில் அவளே ஒரு சந்து கண்டுபிடித்தாள். முடிக்காத பொருள் பொருள் ஆகாது. காதில்லாத பொம்மை பொம்மை ஆகாது. அப்படியானால் அது யாருக்காகவும் செய்யப்பட்டதும் ஆகாது. பிள்ளை பிறந்து, அழுது, வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு மத்தியானத்தில் காதை வைத்துவிட்டால் போதும்.

இந்தச் சட்ட நுணுக்கம் தெரியாத ஒரே ஆள் நான்தான். அந்த வீட்டில் குழந்தை என்று ஒன்று இருந்தால் அது நான். எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுவதும் என்னைத்தான். பொம்மை செய்தால் அது எனக்கு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அப்பாவுக்குச் சட்டம் தெரியும், ஆனால் வாய் நிற்காது. கடலில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஃபெரியிலிருந்து பார்த்தால் தீவுப் பக்கமிருந்து கொஞ்ச தூரம், எதிர்க்கரையில் பிறை ஊர்ப் பக்கமிருந்து கொஞ்ச தூரம் வந்து நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்கும். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார், "பாலமே முடிஞ்சிரும் போலிருக்கு, ஒங்கம்மா காது வைக்க மாட்டா லா."

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அப்பா சாப்பாட்டை முடிக்காமலே எழுந்து கை கழுவிக்கொண்டு நடையில் போய் நின்றார். சாதாரண விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு பெரிய பார்வை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு பள்ளியில் டீச்சர், திங்கட்கிழமை எல்லாரும் பிடித்த பொம்மை ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதைப் பற்றி ஐந்து வாக்கியம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் முதல் வாக்கியம் "இது ஒரு முயல்" என்பது. அதற்கே காது தேவைப்பட்டது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அம்மாவிடம் கேட்டேன், அழுதும் பார்த்தேன். பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுபோ என்றாள். ஞாயிறு மத்தியானம் அம்மா படுத்திருந்தாள். சித்தி அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பரை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்கினார். நான் மிருகத்தையும் மிச்சமிருந்த பூனை நூலையும் அம்மாவின் கொக்கி ஊசியையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி வீட்டிலேயே மிஷின் போட்டு, கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். கொக்கி வேலையும் தெரியும். அம்மாவும் அவரும் நடையில் நின்று ஒருவர் பின்னலை ஒருவர் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பேச்சு மலாய், ஆங்கிலம், அக்கம்பக்கத்தில் பொறுக்கிய தமிழ் எல்லாம் சேர்ந்த கலவை. எங்களுக்குள் அது தாராளமாகப் போதும்.

"ஆன்ட்டி, இதுக்குக் காது வச்சுத் தாங்க. அம்மா வைக்க மாட்டேங்குறாங்க."

ஆன்ட்டி மிருகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது யார் செய்றது? மம்மியா? இப்போவா?"

"ஆமா."

"ஐயோயோ!" என்று கத்தினார். தையல் மிஷினை மிதித்த கால் நின்றது. "தா போலே லா! மம்மி உள்ளே பேபி இருக்கு. ஊசி தா போலே, கத்தரிக்கோல் தா போலே. யாரும் சொல்லலையா?"

தா போலே என்றால் கூடாது. சீனர் வீட்டுச் சட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஊசியைத் தொடக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் வீட்டில் மாதக்கணக்காக யாரும் வாயால் சொல்லாத செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அம்மாவின் வயிற்றில் பேபி இருக்கிறது. சரி. காது எப்போது கிடைக்கும்?

"ஒங்க மம்மி ஒண்ணும் செய்யவேணாம். நான் செய்றேன்," என்றார் ஆன்ட்டி. ஊசியை என் கையிலிருந்து ஏதோ கத்தியைப் பிடுங்குவது போல வாங்கிக்கொண்டார். பிறகு விரல் விட்டு எதையோ எண்ணினார். பேபி எந்த மாதம் வரும் என்று என்னைக் கேட்டார். அப்படி ஒரு பேபி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. "இந்த வருஷம் முடியறதுக்குள்ள வந்துரும். அப்போ எலி," என்று தாமாகவே முடிவு செய்தார். சீனர் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகம்.

"முயல், ஆன்ட்டி."

"முயல் இல்லை. இது எலி வருஷம். எலி வருஷத்து பேபிக்கு எலிதான். முயல் வேணும்னா மம்மி மூணு வருஷம் காத்திருக்கணும்."

எனக்குத்தான் இந்தப் பொம்மை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார், ஆனால் கை நிற்கவில்லை. சீன ஆன்ட்டியின் கை அம்மாவின் கையைவிட வேகமானது. இரண்டு வட்டக் காதுகள் வந்தன. உட்புறத்துக்குத் திரைச்சீலையில் மீந்த ரோஸ் துணி. அதன் பிறகு ஒரு நீளமான வால், என் கையைவிட நீளம். கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன். நூலின் நுனியை உள்ளே இழுத்து, முடிச்சுப் போட்டு, தடவி மறைத்தார். பூனை நூலில் மறைத்தது மறைத்ததுதான், செய்தவருக்கே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அது இப்போது யார் பார்த்தாலும் எலி. உருளைக்கிழங்கு என்று சொன்னவன்கூட இனி வாயைத் திறக்க முடியாது.

என் முதல் வாக்கியம் கெட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான். காது இருந்ததில் சந்தோஷமும் இருந்தது.

ஆன்ட்டி எலியைத் தாமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார். அம்மா எழுந்து ஹாலில் உட்கார்ந்திருந்தாள். ஆன்ட்டி இரண்டு கையாலும் எலியை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "பேபிக்கு. நான் முடிச்சுட்டேன். நீ இனி ஊசி தொடாதே."

அம்மாவின் முகம் அன்று எப்படி இருந்தது என்று விவரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பயந்துபோயிருந்தாள், அதை எந்தக் குழந்தையும் கண்டுகொள்ளும். எதற்குப் பயப்படுகிறாள் என்பதுதான் தெரியவில்லை. எலியை வாங்கினாள். காதைத் தடவினாள். கட்டைவிரல் காதின் அடியில் கண்ணி கண்ணியாக ஊர்ந்து முடிச்சைத் தேடியது. கிடைக்கவில்லை. நகத்தால் இழுத்துப் பார்த்தாள், கொஞ்சம் ரோமம்தான் கையோடு வந்தது. சட்டென்று எழுந்து டிவிக்கு மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஆன்ட்டி பாய்ந்து வந்து கத்தரிக்கோலைப் பிடித்தார். "தா போலே! பேபி, பேபி!"

"விடுங்க ஆன்ட்டி! பேபிக்காகத்தான் வெட்றேன்!"

இரண்டு பேரும் கத்தரிக்கோலின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு எட்டு மாத வயிறு. ஆன்ட்டி அம்மாவின் தோள் உயரம்தான் இருப்பார். வயிற்றின் மேல் பட்டுவிடுமோ என்று கையை நீட்டி இழுத்தார், அம்மா விடவில்லை. அடுப்படியிலிருந்து சித்தி மீன் கையோடு ஓடி வந்தாள். அப்பா பேப்பரை எடுத்துவிட்டுப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. பெண்கள் சமாசாரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை. ஒரே பிள்ளையைக் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் எலியின் காதுக்கு ஆபத்து என்பதுதான். நான் எலியைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கத்தரிக்கோலை விட்டுவிட்டாள்.

"அது ஒனக்குத்தாம்மா," என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "இது பாப்பாவுக்குச் செஞ்சது. என் மூத்த மகளுக்குச் செஞ்சது. வேற யாருக்கும் இல்ல."

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி, மேல் மாடியில் இருக்கும் யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போலச் சொன்னாள். சித்தி உடனே புரிந்துகொண்டு, "ஆமாக்கா, பாப்பாதான் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துக்கு வேணும்னுச்சு," என்றாள். அவள் குரலும் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. அப்பாவுக்கும் கடைசியில் ஏதாவது சொல்ல வேண்டும் போலத் தோன்றியிருக்கும். "எலின்னா பிள்ளையாரோட வாகனம் லா. தானா வீட்டுக்கு வந்திருக்கு. நல்லதுதானே," என்றார். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் அந்த ஒன்றுக்கு மட்டும் அம்மா அன்று முறைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆன்ட்டி கத்தரிக்கோலைத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அந்தக் கத்தரிக்கோல் பிள்ளை பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

பள்ளியில் ஐந்து வாக்கியம் பேசினேன். எலியா என்று எல்லாரும் சிரித்தார்கள். இது பிள்ளையாரின் வாகனம் என்று ஆறாவதாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு அம்மா அந்த எலி விஷயத்தில் வினோதமாக நடந்துகொண்டாள். எலி என்னோடுதான் இருக்க வேண்டும். என் பாயில்தான் படுக்க வேண்டும். ஒரு தடவை தவறுதலாக அம்மாவின் கட்டிலில் விட்டுவிட்டேன், தானே எடுத்துக்கொண்டு நான் இருந்த இடத்துக்கு வந்து என் கையில் திணித்தாள். ஒன் சாமானை நீதான் பாத்துக்கணும் என்றாள். செருப்பு, பென்சில், தண்ணீர்ப் புட்டி என்று எத்தனையோ சாமானை நான் வீடு முழுக்கப் போட்டுவைத்ததுண்டு, அவற்றுக்கெல்லாம் இந்த மரியாதை கிடைத்ததில்லை. அம்மாவுக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் பூரித்துப்போனேன்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே தம்பி பிறந்துவிட்டான். ரொம்பச் சின்னதாக இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். சித்தி பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு இருந்தாள். யாரும் ரேடியோ போடவில்லை. அப்பா விளையாட்டாக எதுவும் பேசவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி தம் வீட்டுச் சாமிக்கு வைக்கும் ஆரஞ்சுப் பழங்களை இரட்டிப்பாக்கினார். அதைப் பார்த்த சித்தி, தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துகொண்டாள். அந்த நாட்களில் நான் பயந்தேன் என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் பயந்தார்கள், வீட்டில் எனக்கு விளையாட ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "எலி எங்கம்மா?"

"என்கிட்டதான் இருக்கு. பையில."

"கூடவே வச்சிரு. யார் கேட்டாலும் குடுத்துறாத. தம்பிக்கும் குடுக்காத."

தம்பியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே என் எலியைப் பற்றிக் கேட்கிறாள். புதுப் பிள்ளை வந்தால் பழைய பிள்ளையை மறந்துவிடுவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி என்னைப் பயமுறுத்தியிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி தேறினான். வீட்டுக்கு வந்தான், அழுதான், நடை முழுக்கக் கேட்டது. முப்பதாம் நாள் கழிந்து ஆன்ட்டி பார்க்க வந்தபோது தொட்டிலைச் சுற்றித் தேடினார். "எலி எங்கே? பேபியோட எலி?"

"அது அக்காவோடது, ஆன்ட்டி," என்றாள் அம்மா.

ஆன்ட்டியின் முகம் கொஞ்சம் வாடியது. தாம் எலி வருஷத்துப் பிள்ளைக்கு என்று பார்த்துப் பார்த்து வைத்த காதுகள் என் அக்குளில் நசுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், பிறகு தேநீரைக் குடித்தார். அடுத்த ஞாயிறுக்குள் அவருடைய தையல் மிஷினுக்கு அழகான ஒரு உடுப்பு போய்ச் சேர்ந்தது. அம்மா இரவு பகலாகப் பின்னிக் கொடுத்தாள். எதற்காக என்று ஆன்ட்டிக்கும் விளங்கியிருக்காது.

தம்பி குப்புற விழப் பழகிய சமயம். ஒரு மத்தியானம் அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் ஹாலில் பாய் விரித்துக் கல்யாண விளையாட்டு வைத்திருந்தேன். எலிதான் மாப்பிள்ளை. பிளாஸ்டிக் பொம்மையின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மாப்பிள்ளைக்கு மாட்டப் பார்த்தேன். வட்டக் காதுகள் இடித்தன, ஏறவில்லை. பக்கத்தில் தம்பி எச்சிலை ஊதிக்கொண்டு கிடந்தான். தொப்பியை அவன் தலையில் மாட்டினேன். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நெற்றியில் சரியாக நின்றது, காதை மூடியது, நாடா தாடைக்கு அடியில் முடிச்சுப் போடுவதற்கென்றே நீளம் வைத்தது போல வந்தது. காலுறையையும் மாட்டினேன். அவையும் சரியாக இருந்தன.

"அம்மா, இங்க பாருங்களேன்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் நின்றபடியே தம்பியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தொப்பியையும் காலுறைகளையும் கழற்றினாள். பிளாஸ்டிக் பொம்மையை மடியில் எடுத்து வைத்து, தொப்பியை அதற்கே திரும்ப மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தொப்பி வழக்கம்போல பொம்மையின் கண்ணுக்குக் கீழே இறங்கியது.

"இது பொம்மையோடது," என்றாள்.

"அதுக்குப் பெருசா இருக்கும்மா. தம்பிக்குத்தான் சரியா இருக்கு."

"தெரியும்மா," என்றாள். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வெறும் தலையைக் கையால் மூடியபடி அடுப்படிக்குப் போனாள்.

நான் கல்யாணத்தைத் தொடர்ந்தேன். கேஸ் தோம்புக்கும் ரேடியோவுக்கும் கையை விரித்தே அளவெடுத்தவள், ஒரு பொம்மையின் தலைக்கு மட்டும் எப்படி அளவு தவறினாள் என்று யோசித்தது நினைவிருக்கிறது. எல்லாருக்கும் ஒரு தடவை கை பிசகும் என்று அம்மாவை மன்னித்துவிட்டேன்.